ஃபோர்-வீல் டிரைவ் வண்டியில் கியர் ஊளை: இடத்தைக் கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும்

வண்டி 50-ஐத் தாண்டியதும் அடியிலிருந்து ‘உய்ய்ங்’ என்று ஒரு ஊளை கிளம்பும். ஆக்சிலரேட்டரை விட்டால் அதன் சுருதி மாறும், அல்லது சட்டென்று அடங்கிவிடும். பட்டறையில் பெரும்பாலும் முதலில் வரும் தீர்ப்பு, “கிரவுன் பினியன் போச்சு, இறக்கிடலாம்.” (டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம் கிரவுன், அதைச் சுழற்றும் சிறியது பினியன்.) இறக்கிவிடாதீர்கள். ஃபோர்-வீல் வண்டியில் கியர்பாக்ஸ், இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், அதை இடவலச் சக்கரங்களுக்குப் பகிரும் முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல் என்று பல் சுழலும் பெட்டிகள் நான்கு. அவற்றை இணைக்கும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டுகள் குறைந்தது இரண்டு. பாடி முழுவதும் இரும்புத் தகடு என்பதால் முன்னால் எழும் சத்தம் பின் சீட்டுக்கு அடியில் கேட்கும். எந்தப் பெட்டி ஊளையிடுகிறது என்று உறுதியாகும்வரை ஸ்பேனரைத் தொடவே கூடாது.

முதலில் டயர். மட்-டெரெய்ன் டயரின் இரைச்சலை டிஃபரன்ஷியல் சத்தம் என்று நம்பிச் செலவு செய்தவர்கள் ஏராளம். டயர் சத்தம் சாலையைப் பொறுத்தது. புதிய தாரில் ஒரு மாதிரியும் சொரசொரப்பான கான்கிரீட்டில் வேறு மாதிரியும் இருக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் விட்டாலும் மாறாது. கியர் ஊளைக்குச் சாலை எதுவானாலும் ஒன்றுதான், ஆனால் பளு மாறினால் அதுவும் மாறும். வீல் பேரிங் மூன்றாவது ரகம். அது ஊளையிடாது, உறுமும். 60-ல் போகும்போது ஸ்டீரிங்கை மெல்ல இடப்பக்கம் திருப்பினால் பளு வலப்பக்கச் சக்கரங்களில் ஏறும். அப்போது உறுமல் கூடினால் வலப்பக்க பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

இனி சாலைச் சோதனை. போக்குவரத்து இல்லாத நீண்ட, சமமான சாலை வேண்டும். சத்தம் தெளிவாகக் கேட்கும் வேகத்தைப் பிடித்து, மூன்று நிலைகளில் காது கொடுங்கள். ஒன்று, ஆக்சிலரேட்டரை மிதித்து இழுக்கும்போது. இரண்டு, காலை எடுத்துவிட்டு இன்ஜின் பிரேக்கில் வண்டி தளரும்போது. மூன்று, வேகம் ஏறாமலும் இறங்காமலும் மிதக்கும் அளவுக்கு மட்டும் மிதித்திருக்கும்போது. கிரவுன் பல்லுக்கு இரண்டு முகங்கள் உண்டு. இழுக்கும்போது ஒரு முகம் பளு தாங்கும், தளரும்போது மறுமுகம். எனவே இழுவையில் மட்டும் ஊளை என்றால் அந்த முகத்தில் பல் சேர்க்கை கெட்டிருக்கிறது. தளர்வில் மட்டும் ஊளையோ உறுமலோ வந்தால் பெரும்பாலும் பினியன் பேரிங்கின் இறுக்கம் போய், பினியன் முன்னும் பின்னும் நகர்கிறது. மிதக்கும் நிலையில் மட்டும் கரகரத்தால் பல்லிடை ப்ளே (பல்லுக்கும் பல்லுக்கும் நடுவிலான தளர்வு) கூடியிருக்கும், அல்லது பேரிங் தேய்ந்திருக்கும். மூன்று நிலையிலும் ஒரே சத்தம் வந்தால் திரும்பவும் டயரையும் பேரிங்கையும் பாருங்கள்.

அதே வேகத்தில் கியரை மாற்றிப் பாருங்கள். மூன்றாவதில் கேட்டதும் நான்காவதில் கேட்பதும் ஒன்றே என்றால் சத்தம் கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. நீளவாட்டில் அமைந்த ஐந்து கியர் பாக்ஸ்கள் பலவற்றில் நான்காவது கியர் நேரடி இணைப்பு. இழுவை நேராகப் போவதால், பக்கத்துத் துணைத்தண்டான லே-ஷாஃப்டின் பற்களில் பளு ஏறாது. நான்காவதில் மட்டும் சத்தம் அடங்கினால் கியர்பாக்ஸுக்குள்தான் கோளாறு. வண்டி நிற்கும்போதே, நியூட்ரலில் கிளட்ச்சை விட்டிருந்தால் சத்தம் வந்து, மிதித்தால் நின்றுவிடுகிறதா? அது இன்புட் ஷாஃப்ட் பேரிங். மிதிக்கும்போது மட்டும் வந்தால் ரிலீஸ் பேரிங். ஓடும் வண்டியில் இன்ஜினை அணைத்துச் சோதிப்பது கூடவே கூடாது. பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டீரிங்கும் கைவிட்டுவிடும்.

கைபேசியில் ஒலி அலைவரிசை காட்டும் இலவசச் செயலி இருந்தால் கணக்கும் உதவும். டயரில் சாக்பீஸால் கோடு போட்டு, வண்டியை ஒரு சுற்று உருட்டி, நகர்ந்த தூரத்தை டேப்பால் அளக்கவும். அது 2.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 60 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு 16.67 மீட்டர், சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 7.6 சுற்று. கிரவுனில் 41 பல் இருந்தால் 7.58 × 41, அதாவது சுமார் 310 ஹெர்ட்ஸ். திரையில் 310-ஐ ஒட்டி ஒரு முனை எழுந்து, வேகத்தோடு ஏறி இறங்கினால் அது கிரவுன்-பினியன்தான். பினியனில் 9 பல் என்றால் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் நொடிக்கு 34.5 சுற்று. அந்த எண்ணிலோ அதன் இரட்டிப்பிலோ அதிர்வு தெரிந்தால் ஷாஃப்ட் பேலன்ஸையும் ஷாஃப்ட் முனையில் மடங்கும் யூ-ஜாயின்ட்டின் கோணத்தையும் பார்க்க வேண்டும். சஸ்பென்ஷனை உயர்த்திய வண்டிகளில் இது அடிக்கடி வரும். கிரவுனும் பினியனும் மாற்றினாலும் தீராது.

முன்னா, பின்னா என்று பிரிப்பது ஃபோர்-வீல் வண்டியில் எளிது. முன் சக்கரத்தில் ஃப்ரீ-வீல் ஹப் (சக்கரத்தை ஆக்சிலிலிருந்து விடுவிக்கும் பூட்டு) இருந்தால் 2ஹெச்-இல் (பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலை) வைத்து ஹப் பூட்டை விடுவியுங்கள். முன் டிஃபரன்ஷியல் சுழலாது. சத்தம் போய்விட்டால் குற்றவாளி முன்னால் இருக்கிறது. ஹப் இல்லாத வண்டியில் முன் ப்ரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றி 2ஹெச்-இல் ஓட்டலாம். ஷாஃப்ட் முனையின் யோக்கும் அது பூட்டப்படும் ஃபிளாஞ்சும் சேரும் இடத்தில் முதலிலேயே பெயின்ட் அடையாளம் போடுங்கள். இடம் மாறிப் பூட்டினால் அதுவே புது அதிர்வாகிவிடும். காய்ந்த தார்ச்சாலையில் 4ஹெச் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டுச் சோதிக்காதீர்கள். முன்னும் பின்னும் வேறுபடும் சுற்றுகளுக்குப் போக்கிடமின்றி எல்லாப் பெட்டிகளும் முறுக்கேறி, இல்லாத சத்தமெல்லாம் வரும். 4ஹெச் சோதனைக்கு மண்சாலைதான் சரி.

டிரான்ஸ்ஃபர் கேஸைப் பொறுத்தவரை, எந்தச் சத்தம் அந்த வண்டியின் இயல்பு என்று தெரிந்திருக்க வேண்டும். வில்லிஸ் வழிவந்த பழைய மஹிந்திரா ஜீப்புகளில் 2ஹெச்-இல்கூட இழுவை முழுவதும் நடு கியர் வழியாகவே போகிறது. மாருதி ஜிப்சியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸிலிருந்து பிரிந்து, ஒரு குட்டி ஷாஃப்ட்டால் இணைந்திருக்கும். அதிலும் பற்கள் எப்போதும் பளு தாங்குகின்றன. இந்த வண்டிகளில் லேசான ஊளை பிறவிக் குணம். ஜிப்சியில் அது திடீரென்று கூடினால் முதலில் டிரான்ஸ்ஃபர் கேஸ் மவுன்ட் ரப்பர்களைப் பாருங்கள். ரப்பர் நைந்தால் உலோகம் உலோகத்தைத் தொட்டு, உள்ளே இருந்த சத்தம் அப்படியே பாடிக்கு ஏறும். ஜீப்பில் நடு கியரின் ஷாஃப்டும் நீடில் பேரிங்கும் தேய்வது பரவலான நோய். செயின் உள்ள டிரான்ஸ்ஃபர் கேஸில் செயின் தளர்ந்தால் ஊளை வராது, தடதடவென்று அடிக்கும். 4எல்-இல் (மெதுவான, வலுக்கூடிய ஃபோர்-வீல் நிலை) மட்டும் கேட்கும் ஊளைக்காகக் கவலைப்படத் தேவையில்லை.

பெட்டி எது என்று தெரிந்ததும் எண்ணெய். ஃபில்லர் போல்ட் கழலுகிறதா என்று பார்த்த பிறகே கீழ்ப் போல்ட்டைத் திறக்க வேண்டும். வடித்துவிட்டு மேலே திறக்க முடியாமல் போனால் வண்டி அங்கேயே நிற்கும். கீழ்ப் போல்ட்டின் காந்த முனையில் சாம்பல் நிறப் பசை இருந்தால் அது சாதாரணத் தேய்மானம். விரலில் நெருடும் செதிலோ ஊசி ஊசியான துணுக்கோ இருந்தால் பேரிங் அல்லது பல் உடைகிறது. எண்ணெய் பாலாகத் திரிந்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் ஓடையில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். ஆக்சில் மேலுள்ள பிரீதர் (காற்று போய்வரும் துளை) சேறடைத்திருந்தால், ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். பிரீதரைச் சுத்தம் செய்து, ஹோஸ் போட்டு உயரத்தில் கட்டிவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

ஹைப்பாய்டு (பினியன் கிரவுனின் மையத்திலிருந்து விலகி அமைந்த) டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 என்ற எண்ணெய்த் தரம் அவசியம். பல் மீது பல் சறுக்கிக்கொண்டே சுழல்வதால் சாதாரண எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். பெரும்பாலான வண்டிகளுக்குக் கெட்டித்தன்மை 80 டபிள்யூ 90. மேனுவல் கியர்பாக்ஸுக்கு மேனுவல் புத்தகம் சொல்லும் தரத்தையே ஊற்ற வேண்டும். ஜிஎல்-5 எண்ணெயில் உள்ள கந்தகச் சேர்மானங்கள் கியர் மாற்றத்தை மென்மையாக்கும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும். செயின் டிரான்ஸ்ஃபர் கேஸ்கள் பலவற்றுக்கு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்) தான். வண்டி சமதளத்தில் நிற்க, ஃபில்லர் துளையின் கீழ் விளிம்பைத் தொடும்வரை ஊற்றினால் போதும். சத்தத்தை மறைக்கக் கெட்டியான 85 டபிள்யூ 140 ஊற்றச் சொல்வார்கள். சத்தம் கொஞ்சம் குறையும், தேய்மானம் குறையாது.

எண்ணெய் மாற்றியும் தீராவிட்டால்தான் பிரிப்பது. ஸ்டாண்டை ஆக்சிலுக்கு அடியிலேயே வையுங்கள். கவரைத் திறந்ததும் எதையும் கழற்றாமல் டயல் கேஜை (நுண்ணிய நகர்வை அளக்கும் கருவி) கிரவுன் பல்லின் மேல் வைத்து ப்ளேயை நான்கு இடங்களில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பல ஆக்சில்களில் அது 0.13 முதல் 0.20 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கான எண்ணைச் சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள். பிறகு ஏழெட்டுப் பற்களில் மார்க்கிங் கலவை தடவி, கிரவுனைக் கையால் தடுத்துப் பளு கொடுத்தபடி இரு பக்கமும் சுழற்றி, பற்கள் தொட்ட பதிவைப் பாருங்கள். பதிவு பல்லின் நடுவில், மேல்விளிம்பையும் அடியையும் தொடாமல் இருக்க வேண்டும். மேல்விளிம்பில் விழுந்தால் பினியன் தள்ளி நிற்கிறது. பினியனின் ஆழத்தைத் தீர்மானிக்கும் ஷிம்மைத் (மெல்லிய உலோகத் தகடு) தடிப்பாக்கிக் கிட்டே கொண்டுவர வேண்டும். பல்லடியில் விழுந்தால் ஷிம்மை மெலிதாக்க வேண்டும். ப்ளே தவறாக இருந்தால் பக்கவாட்டு ஷிம்களால் கிரவுனை நகர்த்துங்கள். தோராயமாக 0.10 மி.மீ. நகர்த்தினால் ப்ளே 0.07 மி.மீ. மாறும்.

இங்கே ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. பல வருடம் ஓடிய, ஆனால் பல் நல்லபடியாக இருக்கும் கிரவுன் பினியனைப் ‘புத்தகப்படி’ நகர்த்துவார்கள். பற்கள் ஒன்றோடொன்று தேய்ந்து தங்களுக்கென ஒரு தடம் போட்டிருக்கும். அதை மாற்றினால் சத்தம் கூடவே செய்யும். பழைய செட் என்றால் பழைய ஷிம் அளவையே வைத்துப் பேரிங்குகளை மட்டும் மாற்றுங்கள். பல்லில் குழியோ வெப்பக் கீறலோ விழுந்திருந்தால் செட்டாக மாற்றுவதுதான் வழி. கிரவுனும் பினியனும் தொழிற்சாலையில் சோடியாகவே உரசித் தயாராகின்றன. ஒன்றை மட்டும் வாங்குவது பணத்தை எரிப்பது.

பினியன் நட்டைக் கூடுதலாக முறுக்கிச் சத்தத்தை அடக்கப் பார்ப்பதும் ஆபத்து. பல ஆக்சில்களில் இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே நசுங்கும் ஸ்லீவ் ஒன்று இருக்கிறது. அது ஒருமுறை நசுங்கினால் திரும்பாது. நீளமான கம்பியால் நட்டைச் சிறிது சிறிதாக முறுக்கி, ஒவ்வொரு முறையும் சுழல் எதிர்ப்பை அளக்க வேண்டும். புது பேரிங்குக்கு ஏறத்தாழ 1.7 முதல் 3.4 நியூட்டன் மீட்டர், பழையதற்கு 1 முதல் 1.7. டார்க் மீட்டர் இல்லாவிட்டால் ஃபிளாஞ்சில் நூலைச் சுற்றிக் கொக்கித் தராசால் சீராக இழுங்கள். ஃபிளாஞ்ச் ஆரம் 5 செ.மீ. என்றால் 2.3 நியூட்டன் மீட்டருக்குத் தராசு சுமார் 4.7 கிலோ காட்டும். அளவு தாண்டினால் நட்டைத் தளர்த்திச் சரிகட்டாதீர்கள். புது ஸ்லீவ் போட்டு மறுபடி ஆரம்பியுங்கள். ஆயில் சீல் மாற்றும்போது நட்டைக் கண்மூடித்தனமாக முறுக்கியதால், அதுவரை அமைதியாக இருந்த டிஃபரன்ஷியல் அதன்பின் ஊளையிடும் கதை இதனால்தான்.

புது செட் போட்டதும் முதல் 25 கி.மீ. மெதுவாக ஓட்டி, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். இதை மூன்று நான்கு முறை செய்ய வேண்டும். 800 கி.மீ. வரை டிரெய்லர் இழுப்பதோ, கொழுக்குமலை போன்ற கரடுமுரடான ஏற்றத்தில் ஆளேற்றி ஓட்டுவதோ வேண்டாம். புதுப் பல் சூடேறினால் மேற்பரப்பின் கடினம் போய்விடும். 800-இல் எண்ணெயை வடித்துக் காந்தத்தைத் துடைத்துப் பாருங்கள். பசை மட்டும் இருந்தால் புது எண்ணெய் ஊற்றி மூடிவிடலாம். செதில் இருந்தால் கவரைத் திறந்து பதிவை மறுபடி எடுக்க வேண்டும்.