ஓடும் சாலையில் ஏதாவது கிடந்தால் என்ன செய்வது?

வேகமாக வண்டிகள் போகும் சாலையில் ஏதோ கிடக்கிறது. டயர் துண்டு, மரக்கட்டை, ஏணி, யாரோ தவறவிட்ட பை, சில நேரம் ஒரு முழு மெத்தையே கிடக்கும். பார்த்தவுடன் பலர் சட்டென்று ஸ்டியரிங்கை ஒடிக்கிறார்கள், இல்லையென்றால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஓடிப்போய் அதை எடுத்துப் போடப் பார்க்கிறார்கள். இரண்டுமே உயிரைக் குடிக்கும். நல்ல மனதோடு இறங்குகிறவர்கள்தான் அடிபடுகிறார்கள் என்பதால் இரண்டாவதைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை.

முதலில் ஓட்டும்போது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. பொருளைப் பார்த்து, அது என்னவென்று புரிந்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆனால் அதற்குள்ளேயே 30 மீட்டருக்கு மேல் போய்விடுவோம். லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். கட்டை லாரியின் சக்கரங்களுக்கு நடுவே தப்பி நேராக நம் முன்னால் வந்து நிற்கும். எனக்கு ஒரு முறை அப்படி நடந்தது, நடுவில் இருந்த இடைவெளிதான் காப்பாற்றியது. குறைந்தது 2 நொடி இடைவெளி விடுங்கள், மழையிலும் இரவிலும் அதை இரட்டிப்பாக்குங்கள்.

பக்கத்துத் தடம் காலியாக இருப்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தால் மட்டும் விலகுங்கள். தெரியாவிட்டால் நேராகப் போய்க்கொண்டே அழுத்திப் பிரேக் பிடியுங்கள், மோதினாலும் குறைந்த வேகத்தில் மோதட்டும். ஏபிஎஸ் (அழுத்திப் பிரேக் பிடித்தாலும் சக்கரம் இறுகாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு) உள்ள காரில் பிரேக்கை அழுத்தியபடியே ஸ்டியரிங்கையும் திருப்ப முடியும், அது இல்லாத வண்டியில் சக்கரம் இறுகிவிட்டால் திருப்பினாலும் வண்டி திரும்பாது. அட்டைப்பெட்டியைப் பார்த்து காலிதானே என்று ஏற்றிவிடாதீர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? டயர் துண்டும் வெறும் ரப்பர் இல்லை, அதற்குள் எஃகுக் கம்பி இருக்கும்.

இரு சக்கர வண்டியில் போகிறவர்கள் அந்தப் பொருளையே உற்றுப் பார்க்கக் கூடாது. கண் போகும் இடத்துக்குத்தான் வண்டியும் போகும், அதனால் தப்பிக்கும் வழியைப் பாருங்கள். ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் முன்பே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, சக்கரம் அதைத் தொடும் நேரத்தில் பிரேக்கை விட்டுவிடுங்கள். ஹேண்டில்பார் நேராக இருக்கட்டும், இருக்கையிலிருந்து லேசாக எழுந்து முழங்காலை மடக்கி நில்லுங்கள்.

மேலே ஏறிவிட்டால், ஒன்றும் ஆகாததுபோல் தெரிந்தாலும், பாதுகாப்பான இடம் வந்ததும் நிறுத்தி வண்டியின் அடியில் பாருங்கள். ஆயில் ஒழுகுகிறதா, சைலன்சரில் பிளாஸ்டிக் ஒட்டி உருகுகிறதா, டயரில் ஆணி ஏறியிருக்கிறதா? ஆணி இருந்தால் பிடுங்க வேண்டாம், அது இருக்கும்வரை காற்று மெதுவாகத்தான் இறங்கும். மின்சாரக் காரின் அடியில் பலமாக அடிபட்டிருந்தால் பேட்டரியைக் கட்டாயம் சோதிக்கச் சொல்லுங்கள்.

சரி, அடுத்து வருகிறவர்களுக்கு என்ன செய்வது? தகவல் சொல்லுங்கள். வேகச் சாலையில் வெளியாள் ஒருவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அதுதான். அவசர எண்ணையோ சாலைப் பராமரிப்பு எண்ணையோ அழையுங்கள், பல நாடுகளில் 112 வேலை செய்யும். எந்தச் சாலை, எந்தத் திசை, அருகில் உள்ள கிலோமீட்டர் கல், எந்தத் தடம், என்ன பொருள் என்ற ஐந்தையும் சொன்னால் போதும். ஓட்டிக்கொண்டே இதைச் செய்ய வேண்டாம், கூட இருப்பவரிடம் போனைக் கொடுங்கள். கூகுள் மேப்ஸில் சாலையில் பொருள் கிடப்பதாகப் பதிவு செய்யவும் வழி இருக்கிறது.

வேகச் சாலையில் இறங்கி நடக்கவே கூடாது. வண்டிகள் மெதுவாகப் போகும் தெருவில், பகல் வெளிச்சத்தில், ஒரு கையால் தூக்கக்கூடிய பொருளாக இருந்து, எதிரே வரும் வண்டிகளைக் கவனிக்க இன்னொருவரும் இருந்தால் எடுத்து ஓரமாகப் போடலாம். அறுந்து விழுந்த மின்கம்பி என்றால் குறைந்தது 10 மீட்டர் தள்ளி நில்லுங்கள், அதில் மின்சாரம் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். கேஸ் சிலிண்டர், ரசாயனப் பீப்பாய், சந்தேகப்படும்படியான மூட்டை எதையும் தொட வேண்டாம்.

அப்புறம், ஓரமாகக் கிடக்கும் பர்ஸ், போன், சாவி. எடுத்தால் அன்றைக்கே காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள், தொலைத்தவர் பதறிக்கொண்டிருப்பார். போனை அணைக்காதீர்கள், சிம்மைக் கழற்றாதீர்கள், அவர் அதற்கு அழைப்பார். பூட்டிய திரையில் அவசர அழைப்புக்குள் போனால் நெருங்கியவர்களின் எண் இருக்க வாய்ப்புண்டு. ஆனால் சக்கரம் ஏறி நசுங்கிய போனைச் சட்டைப் பையில் போடாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள், உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடும். அடையாள அட்டையைப் படம் எடுத்து இணையத்தில் போடுவது உதவியே இல்லை, எண்ணும் முகவரியும் கண்டவர் கைக்குப் போய்விடும். போட்டே ஆக வேண்டும் என்றால் "ஒரு பர்ஸ் கிடைத்திருக்கிறது" என்பதோடு நிறுத்திவிட்டு, நிறமும் உள்ளே இருப்பதும் என்னவென்று வருகிறவரிடம் கேளுங்கள்.

விழுந்தது உங்கள் பொருள் என்றால் ரிவர்ஸ் எடுக்காதீர்கள், திரும்பி ஓடாதீர்கள். ஹசார்ட் லைட்டைப் போட்டு ஓரமாக நிறுத்தி, எல்லோரையும் சாலைத் தடுப்புக்கு அப்பால் கூட்டிக்கொண்டு போய், அங்கிருந்து அழையுங்கள். போன் விழுந்திருந்தால் வேறொரு போனிலிருந்து பூட்டி, உங்களைத் தொடர்புகொள்ள வேண்டிய எண்ணைத் திரையில் வரவையுங்கள்.

கூரை மேல் சுமை ஏற்றும்போது எடையை நம்பி விடாதீர்கள். திடீர்ப் பிரேக்கில் 100 கிலோ பொருள் தன் எடையின் பெரும்பகுதி விசையோடு முன்னால் பாயும், ஒற்றைக் கயிறு அதற்குத் தாங்காது. முன்னும் பின்னும் தனித்தனியாகக் கட்டி, மேலே தார்ப்பாய் போட்டு, புறப்பட்ட சில கிலோமீட்டரிலேயே ஒரு முறை நிறுத்தி கட்டு தளர்ந்திருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். வண்டி குலுங்கியதும் சுமை படிந்து கயிறு தொய்வது பெரும்பாலும் அந்த முதல் சில கிலோமீட்டரில்தான்.