கச்சேரி ரசிகர்களுக்குச் சொந்தமாக ஓர் இணையக் குழு: தொடங்குவது எப்படி?

கச்சேரி முடிந்து வெளியே வந்ததும், அதைப் பற்றி யாரிடமாவது பேசியே ஆக வேண்டும் போலிருக்கும். அப்படிப் பேசுகிறவர்கள் கூடும் இடம் ரசிகர்கள் கையிலேயே இருக்க வேண்டும் என்பது என் கட்சி. கணினி அறிவு அதிகம் இல்லாதவர்களும் செய்யலாம்.

படி 1: ஒன்றைப் பிடியுங்கள்

எல்லா இசைக்கும் என்று ஆரம்பித்தால் யாரும் ஒட்ட மாட்டார்கள். ஓர் இசைக்குழு, அல்லது ஒரு வகை இசை போதும். கூட வேலை செய்ய ஐந்தாறு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: சொந்த இடம்

சமூக வலைத்தளத்தில் பக்கம் திறப்பது இரண்டு நிமிட வேலைதான், ஆனால் அது வாடகை வீடு. மின்னஞ்சல் வழியே குழுக்கள் பேசிக்கொண்டிருந்த யாஹூ குரூப்ஸ் என்ற சேவை 2020 டிசம்பரில் மூடப்பட்டது. அதை நம்பியிருந்த குழுக்கள் எல்லாம் இடம் தேடி அலைந்தன. அதனால் முதலில் ஒரு டொமைன் பெயரை, அதாவது உங்கள் தளத்துக்கான இணைய முகவரியை, வாங்குங்கள். அதன் கடவுச்சொல் இரண்டு பேரிடமாவது இருக்கட்டும். விவாத மன்றம் நடத்த உதவும் டிஸ்கோர்ஸ், பிஎச்பிபிபி போன்ற திறந்த மூல மென்பொருள்கள் இலவசம். தளத்தை ஓட்டும் கணினியான சர்வரின் செலவு மட்டும் உங்களுடையது. வாரம் ஒருமுறை தளத்தின் நகலை (பேக்கப்) எடுத்து வேறோர் இடத்தில் வையுங்கள். ஒருமுறை அதைத் திரும்ப ஏற்றியும் பாருங்கள், அப்போதுதான் அது உண்மையில் வேலை செய்கிறதா என்று தெரியும்.

படி 3: அரட்டைக்கு முன்னால் பதிவேடு

பலர் கோட்டைவிடுவது இங்கேதான். காலி இடத்தைத் திறந்து வைத்துவிட்டு "பேசுங்கள்" என்றால் யார் பேசுவார்கள்? திறப்பதற்கு முன்பே இருபது கச்சேரிகளின் பாடல் வரிசையை ஏற்றிவிடுங்கள். தேதி, அரங்கம், பாடல்கள், என்கோர் (முடிந்த பிறகு ரசிகர்களுக்காகத் திரும்ப வந்து பாடுவது). ஒரு பாட்டு நிற்காமல் அடுத்ததற்குள் போனால், நடுவில் > குறி போடுவது பழைய ரசிகர்களின் வழக்கம். அப்புறம் ஒரு சின்னக் குறிப்பு: "நான்காவது பாட்டின் நடுவில் கிதார் தந்தி அறுந்தது, மாற்றி முடிக்கும்வரை டிரம்ஸ் தனியாக ஓடியது." இந்த ஒரு வரியைப் பார்த்ததும், அன்று அங்கே இருந்தவர் உள்ளே வந்து எழுதாமல் போக மாட்டார்!

அமெரிக்க இசைக்குழுவான பிஷ்ஷின் ரசிகர்கள் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். பிஷ்.நெட் தளத்தில் அந்தக் குழுவின் கச்சேரிகளின் பாடல் வரிசைகளைத் தொகுத்துப் பராமரிப்பது தன்னார்வலர்கள்தான். அதே ரசிகர்கள் 1996-இல் தொடங்கிய மாக்கிங்பேர்ட் ஃபவுண்டேஷன் குழந்தைகளின் இசைக் கல்விக்கு நிதி கொடுக்கிறது.

படி 4: ஒலிப்பதிவுக்கு அனுமதி

கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் இசைக்குழு 1984-இல் கச்சேரியை ஒலிப்பதிவு செய்கிற ரசிகர்களுக்கென்றே அரங்கில் தனிப் பகுதி ஒதுக்கியது. பகிரலாம், விற்கக் கூடாது என்பதே நிபந்தனை. எல்லா இசைக்குழுக்களும் அப்படி இல்லை. இணைய ஆவணக் காப்பகமான இன்டர்நெட் ஆர்க்கைவ் 2002-இல் தொடங்கிய நேரடி இசைத் தொகுப்பும் அனுமதி தந்த குழுக்களின் பதிவுகளைத்தான் சேர்க்கிறது. நீங்களும் நீங்கள் பதிவு செய்ய விரும்பும் இசைக்குழுவின் நிர்வாகியிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை எதையும் ஏற்றாதீர்கள்.

அனுமதி கிடைத்தால் எம்பி3 வேண்டாம், ஒலித்தரம் இழக்காத ஃபிளாக் வடிவில் வையுங்கள். எந்த மைக், எந்த ரெக்கார்டர், அரங்கில் எந்த இடம் என்று ஒரு குறிப்புக் கோப்பும் கூடவே இருக்கட்டும். பத்து வருடம் கழித்துக் கேட்கிறவருக்கு அதுதான் வழிகாட்டி.

படி 5: நாலு விதிகள்

நீளமாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். டிக்கெட்டை அச்சிட்ட விலைக்கு மேல் விற்கக் கூடாது. கலைஞர்களின் வீடு, விடுதி, குடும்பம் பற்றிப் பேச்சே கூடாது. நேற்றைய பாடல் வரிசையைத் தலைப்பில் போடக் கூடாது, நாளை போகிறவர் தெரியாமல் போக ஆசைப்படலாம். புதியவரின் கேள்வியைக் கேலி செய்தால் வெளியே. இந்தக் கடைசி விதியில் மட்டும் தயவு காட்டாதீர்கள். கேலி பழகிய இடத்துக்குப் புதியவர்கள் இரண்டாம் தடவை வருவதில்லை.

படி 6: திறக்கும் நாள்

கச்சேரி நடக்கும் ஓர் இரவில் திறங்கள். எல்லோரும் பேசத் துடிக்கும் நேரம் அது. முதலில் எழுதுகிறவருக்கு நீங்களே உடனே பதில் போடுங்கள்: எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தார், அங்கே பேஸ் (தாழ்ந்த சுர ஒலி) எப்படிக் கேட்டது என்று விசாரியுங்கள்.