நாயோடு மலைக்குக் காரில் கிளம்புகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி பிறந்து வெயில் தணிந்ததும் சென்னையில் நாய் வளர்ப்பவர்களுக்கு ஏலகிரி, ஏற்காடு ஞாபகம் வந்துவிடும். தீபாவளி வெடிச் சத்தத்திலிருந்து நாயைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம் என்பதும் ஒரு காரணம். நல்ல எண்ணம்தான். ஆனால் இடம், தங்குமிடம், ஏறப்போகும் பாதை எல்லாவற்றையும் நமக்குப் பிடித்தபடி முடிவு செய்துவிட்டு, கடைசியில் நாயை வண்டியில் ஏற்றிக்கொள்கிறோம். பெரும்பாலான தவறுகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. நாயால் முடியுமா என்பதை முதலில் பார்த்துவிட்டு, மற்றதை அப்புறம் முடிவு செய்யுங்கள்.

இடத்தையே எடுத்துக்கொள்வோம். 2018 மார்ச்சில் நடந்த குரங்கணி காட்டுத்தீக்குப் பிறகு, வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் மலையேறக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த அனுமதி மனிதர்களுக்கானது. சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் எதற்குள்ளும் நாயைக் கூட்டிப்போக நினைக்காதீர்கள். சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் அடுத்தடுத்து இறந்தபோது, நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ் அவற்றின் உடலில் கண்டுபிடிக்கப்பட்டது. நம் நாய் பார்க்க ஆரோக்கியமாக இருந்தாலும் நோயைச் சுமந்து போகலாம். காப்பித் தோட்டத்துப் பாதைகள், தனியார் பண்ணைகளில் உள்ள கூடார முகாம்கள் இவைதான் நாயோடு போகச் சரியான இடங்கள். "நாய் கூட்டிவரலாமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிடாதீர்கள். சுற்றி வேலி இருக்கிறதா, அங்கே ஏற்கெனவே நாய்கள் இருக்கின்றனவா, கூடாரத்துக்குள் நாயைப் படுக்கவைக்க விடுவார்களா என்பதையும் கேளுங்கள்.

பருவமும் கவனிக்க வேண்டிய விஷயம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்கு வடகிழக்குப் பருவமழை. சென்னையில் மழை விட்டுவிட்டது என்று நம்பிக் கிளம்புவது பெரிய தவறு. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகுதான் திருவண்ணாமலையில் மண் சரிந்தது, ஊத்தங்கரை வெள்ளத்தில் மிதந்தது. புயல் சின்னம் என்ற பேச்சு வந்தாலே பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

அடுத்து கார். ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள், சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20. பின்சீட்டில் கட்டாமல் விட்ட நாய் ஒவ்வொரு வளைவிலும் சறுக்கும், எச்சில் வடிக்கும், வாந்தி எடுக்கும். திடீரென்று பிரேக் போட்டால் முன்னால் வந்து மோதும். கழுத்துப் பட்டையில் கயிற்றை மாட்டிச் சீட்டோடு கட்டுவது இன்னும் ஆபத்து, கழுத்து இறுகிவிடும். மார்பைச் சுற்றி வரும் ஹார்னஸ் போட்டு, அதை சீட் பெல்ட்டோடு இணையுங்கள். கிளம்புவதற்கு 3, 4 மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள், தண்ணீர் மட்டும் கொடுக்கலாம். கார் பயணமே ஒத்துக்கொள்ளாத நாய் என்றால் வாந்தியைத் தடுக்கும் மாத்திரையைக் கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது சாப்பாட்டு நிறுத்தம். வேலூர் வழியாகப் போனால் ஆம்பூரில் பிரியாணிக்கு நிற்காமல் யாரும் போவதில்லை. "பத்து நிமிஷம்தானே, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டிருக்கிறேன்" என்று நாயைக் காரில் விட்டுப் போகிறார்கள். வெளியே 30 டிகிரி இருந்தாலே போதும், மூடிய காருக்குள் அந்தப் பத்து நிமிடத்தில் 40-ஐத் தொட்டுவிடும். கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்குவதால் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க முடியும். பக், புல்டாக், ஷிட்சு மாதிரி மூக்கு சப்பையான இனங்களுக்கு அதுவும் சரியாக வராது. உடல் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். தயவுசெய்து, ஒருவர் நாயோடு வெளியே நிழலில் நில்லுங்கள், மற்றவர் சாப்பிட்டு வந்ததும் மாறிக்கொள்ளுங்கள்.

மேலே போய்ச் சேர்ந்ததும் பலர் முதலில் செய்வது கயிற்றை அவிழ்த்துவிடுவது. அடுக்குமாடி வீட்டில் அடைந்து கிடந்த பிள்ளை ஓடட்டுமே என்ற பாசம் புரிகிறது. ஆனால் சிப்பிப்பாறை, கன்னி போன்ற நாய்கள் முயலைத் துரத்துவதற்கென்றே வளர்க்கப்பட்டவை. ஒரு முயலைப் பார்த்துவிட்டால் உங்கள் குரல் அதன் காதில் விழாது. கொடைக்கானல், கோத்தகிரி பக்கம் காட்டுமாடுகள் தோட்டங்களுக்குள்ளேயே மேயும். அவிழ்த்துவிட்ட நாய் அதைப் பார்த்துக் குரைக்கும், காட்டுமாடு திரும்பினால் நாய் உங்களிடம்தான் ஓடிவரும், பின்னாலேயே காட்டுமாடும் வரும். மழைக்காலப் புதரில் பாம்பும் இருக்கும். முகர்ந்து பார்க்கப் போகும் நாய்க்குப் பெரும்பாலும் மூக்கிலும் முகத்திலும்தான் கடி விழும். கடித்துவிட்டால் கட்டுப் போடாதீர்கள், நாயை நடக்கவும் விடாதீர்கள். தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். எந்த மருத்துவமனை என்பதைக் கிளம்பும் முன்பே குறித்து வையுங்கள். கொல்லிமலை, ஏற்காடு போகிறவர்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

தினமும் தெருமுனை வரை மட்டும் நடக்கும் லேப்ரடாரை மூன்று மணி நேரம் மலையேற்றுவதும் சரியில்லை. மூட்டு வலித்தாலும், பாதத் தோல் கிழிந்தாலும் உங்கள் பின்னாலேயே வரும், நின்றுவிடாது. அதனால் எப்போது நிறுத்துவது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு மாதம் முன்பிருந்தே பெசன்ட் நகர் மணலில் காலை நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழக்குங்கள். கூடாரத்தையும் ஓர் இரவு மொட்டை மாடியில் விரித்து, அதற்குள் நாயோடு படுத்துப் பாருங்கள். முகாமில் இரவு நாயை வெளியே கட்டிப்போடவே கூடாது. நீலகிரியில் வீட்டு வாசலில் படுத்திருக்கும் நாயையே சிறுத்தை தூக்கிப்போகிறது.

சாப்பாட்டில் வீட்டு உணவையே கொண்டுபோங்கள். முகாமில் சுட்ட கோழியின் எலும்பு, வெங்காயம் சேர்ந்த குழம்பு, திராட்சை வேண்டாம். நமக்கான வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்காதீர்கள்.

ஓடைத் தண்ணீரும் தேங்கிய நீரும் கூடாது. எலிக்காய்ச்சல் அந்த வழியாக வரும். வால்பாறை மாதிரி ஈரமான காடுகளில் அட்டை மூக்குக்குள்ளேயே ஏறிவிடும். எலிக்காய்ச்சல் தடுப்பூசியை முதல்முறை போடுவதென்றால் சில வார இடைவெளியில் 2 டோஸ் வேண்டும், கிளம்பும் வாரத்தில் ஞாபகம் வந்து பயனில்லை.

மற்ற எதைவிடவும் அதிகமாக நாய்களைப் படுத்துவது உண்ணி. அதற்கான மாத்திரையையோ முதுகில் விடும் சொட்டு மருந்தையோ கிளம்பும் முன்பே கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் காது மடல், கால்விரல் இடுக்கு, அக்குள், வாலடி எல்லாம் விரலால் தடவிப் பாருங்கள். ஒட்டியிருக்கும் உண்ணி மேல் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் சூடு வைப்பதும் தவறு. சிறு இடுக்கியால் உண்ணியைத் தோலுக்கு ஒட்டினாற்போல் பிடித்து நேராக இழுங்கள். உண்ணிக் காய்ச்சல் மலையிலேயே தெரியாது, வீடு திரும்பி ஒன்றிரண்டு, ஏன் மூன்று வாரம் கழித்துக்கூடத் தலைகாட்டும். சாப்பிட மறுப்பது, ஈறு வெளுப்பது, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போவது, மூக்கில் ரத்தம் வருவது இவற்றில் எது தெரிந்தாலும் பயணக் களைப்பு என்று விட்டுவிடாமல், மலைக்குப் போய்வந்ததைச் சொல்லி ரத்தப் பரிசோதனை கேளுங்கள். எர்லிக்கியா என்ற வகை உண்ணிக் காய்ச்சல் என்று தெரிந்தால் வழக்கமாக 4 வாரம் மாத்திரை தருவார்கள். நாய் மூன்றாம் நாளே துள்ள ஆரம்பித்துவிட்டாலும் மாத்திரையை நடுவில் நிறுத்தாதீர்கள்.