காலையில் குனிவதற்கு முன்

இடுப்பு வலி உள்ளவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டியது, எழுந்த பிறகான முதல் அரை மணி நேரத்தில்தான். முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க்குகள் இரவில் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். காலையில் நாம் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் உயரமாக இருப்பதும் இதனால்தான். அப்போது சட்டென்று குனிந்தால் டிஸ்க்கின் மேல் அழுத்தம் கூடும்.

ஆகவே மல்லாந்த நிலையிலிருந்து அப்படியே எழாதீர்கள். முழங்கால்களை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருபக்கமாகப் புரளுங்கள். கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கியபடியே கையை ஊன்றி எழுந்து உட்காருங்கள். பல் துலக்கும்போதும் ஒரு கையை வாஷ்பேசின் விளிம்பில் ஊன்றிக்கொள்ளுங்கள். இந்தச் சின்ன மாற்றமே பெரிய நிம்மதி தரும்.

வலிக்கிறதே என்று நாள்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டாம், தசைகள்தான் தளர்ந்துபோகும். முடிந்த அளவு மெதுவாக நடங்கள். புதிதாக வந்த வலி பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும்.

ஆனால் கால் பலமிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லை என்றாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்; உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.