மின் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு விளம்பரத்தைப் படியுங்கள்

கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் பெரியப்பாவின் தோட்டத்து வீடு. சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் 3 கிலோவாட் சூரியத் தகடுகள் பளபளத்துக்கொண்டிருந்தன. கீழே பெரியம்மா முறத்தால் விசிறிக்கொண்டிருந்தார். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கு நிறுத்திய மின்சாரம் இன்னும் வரவில்லை. தலைக்கு மேலே அத்தனை வெயில் அடித்தும் ஒரு மின்விசிறி சுற்றவில்லை. தகடு மாட்டிக் கொடுத்தவர்களின் நோட்டீஸில் கொட்டை எழுத்தில் இருந்தது: 'இனி உங்கள் வீட்டில் மின்வெட்டே இல்லை.'

பெரியப்பா செய்த தவறைத்தான் நம் பக்கத்தில் பலரும் செய்கிறார்கள். எந்த வகை அமைப்பு என்று கேட்காமல் முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். அரசு மானியத்தில் பெரும்பாலும் மாட்டப்படுவது மின்வாரியக் கம்பியோடு இணைந்து இயங்கும் அமைப்பு. கம்பியில் மின்சாரம் நின்றதும், தகட்டின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் அதன் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். நிற்காவிட்டால் நம் மாடியிலிருந்து போகும் மின்சாரம் கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியரின் உயிரை வாங்கிவிடும். ஆகவே அது நிற்பது பழுதல்ல, பாதுகாப்பு. மின்வெட்டிலும் விளக்கு எரிய வேண்டுமென்றால் பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் வேண்டும். அதற்குச் செலவு அதிகம். இதைச் சொன்னால் வியாபாரம் தட்டிப்போகும் என்று விற்பவர் வாய் திறப்பதில்லை.

அடுத்தது 'இலவசம்' என்ற சொல். வீட்டு மாடியில் சூரியத் தகடு மாட்ட மானியம் தரும் பிரதமரின் சூரிய வீடு திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியபோது 'மாதம் 300 யூனிட் இலவசம்' என்றே ஊரெங்கும் பேச்சு. மின்வாரியமே 300 யூனிட்டைக் கணக்கில் கழித்துவிடும் என்று நம்பியவர்களை அவிநாசியிலும் காங்கேயத்திலும் பார்த்திருக்கிறேன். அப்படியில்லை. 3 கிலோவாட் அமைப்பு ஒரு மாதத்தில் ஏறக்குறைய அவ்வளவு உற்பத்தி செய்யும் என்பதுதான் அந்தக் கணக்கு. மத்திய அரசின் மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000. மீதியை நாம்தான் போட வேண்டும். மானியமும் தகடு மாட்டி, ஆய்வு முடிந்த பிறகு நம் வங்கிக் கணக்குக்கே நேராக வரும். அதை வாங்கித் தருவதாகச் சொல்லி முன்கூட்டியே 'பதிவுக் கட்டணம்' கேட்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். விவசாயச் சூரியப் பம்புத் திட்டத்தின் பெயரில் போலி இணையதளங்கள் பணம் பறிப்பதாக மத்திய அமைச்சகமே எச்சரித்திருக்கிறது.

கணக்குப் போடும்போதும் ஏமாறுகிறோம். நம் மாநிலத்தில் மின் கணக்கீடு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. விளம்பரமோ மாதக் கணக்கில் பேசும். இரண்டு மாதக் கட்டணத்தை ஒரு மாதக் கட்டணமாக எடுத்துக்கொண்டு 'நாலே வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும்' என்று ஒருவர் எனக்கே எழுதிக் காட்டினார். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓடும் வீட்டில் அரசின் இலவச யூனிட் சலுகை போக மீதிக்குத்தான் பணம், அதுவும் குறைந்த படி விலையில். 3 கிலோவாட் அமைப்பு அதே காலத்தில் 700 யூனிட்டுக்கு மேல் தரும். அந்த வீட்டுக்கு அது தேவையா? இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டிப் பெரிய தொகை கட்டும் வீட்டுக்குத்தான் சேமிப்பு நன்றாகத் தெரியும். கூடவே, ஒரு கிலோவாட் நாளுக்கு 4 யூனிட் தரும் என்பது ஆண்டுச் சராசரி. பங்குனியில் அதைத் தாண்டும், ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேகம் புகுந்துவிட்டால் இறங்கும். '25 வருட உத்தரவாதம்' என்பதும் தகட்டின் உற்பத்தித் திறனுக்குத்தான். இன்வெர்ட்டருக்கு 5 முதல் 10 ஆண்டுதான்.

எனக்கு மிகவும் கோபம் வருவது மின்சேமிப்புப் பெட்டியைப் பார்த்தால்தான். பிளக்கில் செருகினால் பச்சை விளக்கு எரியும். 'கட்டணம் பாதியாகும்' என்பார்கள். உறவினர் வாங்கிய ஒன்றைத் திருப்புளியால் திறந்து பார்த்தேன். ஒரு சிறு கெப்பாசிட்டர் (மின்தேக்கி), ஒரு எல்இடி, விரல் நீளச் சுற்றுப்பலகை, அவ்வளவுதான். 'பவர் ஃபேக்டரைச் சரிசெய்யும்' என்று சொல்லி விற்கிறார்கள். இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு பயனாகிறது என்பதன் அளவுதான் பவர் ஃபேக்டர். நூற்பாலையில் வேலை பார்த்தவர்கள் நிறைந்த ஊர்களில் அந்தச் சொல் எடுபடும். ஆலைகளின் உயர் அழுத்த இணைப்பில் பவர் ஃபேக்டர் 0.90-க்குக் கீழே இறங்கினால் கூடுதல் கட்டணம் விழும், அதனால் ஆலைகள் கெப்பாசிட்டர் வைக்கின்றன. அது மெய். ஆனால் வீட்டில் நாம் பணம் கட்டுவது கிலோவாட் மணிக்கு, அதாவது யூனிட்டுக்கு மட்டுமே. அந்த எண்ணிக்கையை இந்தப் பெட்டி குறைக்காது. ஆலைக்குப் பொருந்தும் உண்மையை வீட்டு வாசலில் விற்கிறார்கள்.

'பசுமை', 'தூய்மை' என்ற சொற்களைக் கண்டதும் நம்பிவிடுவதும் தவறுதான். இதில் உலகப் பெரு நிறுவனங்களே வழிகாட்டிகள். பிபி எண்ணெய் நிறுவனம் 2000-ல் 'பெட்ரோலியத்துக்கு அப்பால்' என்று முழங்கியது. விற்றதில் பெரும்பகுதி எண்ணெயும் எரிவாயுவும்தான். ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் தூய எரிசக்தி விளம்பரங்களை 2023 ஜூனில் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் தடுத்தது. நிறுவனத்தின் தொழிலில் மிகப் பெரும்பங்கு எண்ணெயும் எரிவாயுவும் என்பதை அவை மறைத்தன என்பதே காரணம். நம் ஊருக்கு வருவோம். 'முழுக்கக் காற்றாலை மின்சாரத்தில் நெய்தது' என்ற சட்டையைப் பார்த்தால், அது ஆண்டு முழுவதும் காற்றாலை கொடுத்ததையும் ஆலை எடுத்ததையும் ஈடுகட்டிப் பார்க்கும் வரவு செலவுக் கணக்கா என்று கேளுங்கள். பல்லடம், உடுமலைக் காற்றாலைகள் வேகமாகச் சுற்றுவது மே முதல் செப்டம்பர் வரை. தை மாதத்து இரவில் தறி ஓடினால் அதில் மேட்டூர் அனல்மின் நிலையத்து நிலக்கரிக்கும் பங்கு இருக்கும். காற்றாலைக்காரர்களை நான் குறை சொல்லவில்லை, சட்டையில் ஒட்டும் சீட்டு முழு உண்மையைச் சொல்ல வேண்டும் என்கிறேன்.

கடைசித் தவறு, நோட்டீஸைத் தூக்கி எறிவது. 2022-ல் வந்த மத்திய அரசின் விளம்பர வழிகாட்டு நெறிகளின்படி, வாக்குறுதி எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் நிபந்தனையும் இருக்க வேண்டும். தமிழில் கொட்டை எழுத்து, அடியில் ஆங்கிலத்தில் பொடி எழுத்து என்பது விதிமீறல். காசு வாங்கிக்கொண்டு 'இலவசம்' என்பதும் கூடாது. 2024 அக்டோபர் முதல், சான்றில்லாமல் 'பசுமை' என்று சொல்வதற்கும் தனி நெறிகள் உண்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஏமாற்று விளம்பரத்துக்கு 10 லட்சம் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும். நாம் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை.

பெரியப்பா வீட்டு நோட்டீஸ் அரிசிப் பானைக்கு மூடியாகக் கிடந்தது. எடுத்துத் துடைத்து, 'மின்வெட்டே இல்லை' என்ற வரியின் கீழ் பேனாவால் கோடு போட்டு, பணம் கட்டிய ரசீதோடு சேர்த்து நகல் எடுத்தோம். மூலப்பிரதி மின் அட்டையின் உறைக்குள் பத்திரமாக இருக்கிறது.