இறால் குஞ்சை எப்போது நன்னீருக்கு மாற்றலாம்?

ஸ்கேம்பி எனப்படும் பெரிய நன்னீர் இறாலை வளர்க்கத் தொடங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனையாவது நாளில் உப்பைக் குறைக்கலாம்?" என்றுதான். நாளை எண்ண வேண்டாம், குஞ்சு நீந்துவதைப் பாருங்கள் என்பேன்.

தாய் இறால் ஆற்றில் வாழ்ந்தாலும் அதன் லார்வாவுக்கு, அதாவது முட்டையிலிருந்து வந்து இன்னும் உருமாறாத இளம் பருவத்துக்கு, கடல்நீரும் நன்னீரும் கலந்த உவர்நீர் வேண்டும். 1960களின் தொடக்கத்தில் மலேசியாவில் மீன்வள ஆய்வாளர் எஸ்.டபிள்யூ. லிங் இதைக் கண்டுபிடித்த பிறகுதான் பொரிப்பகத் தொழிலே சாத்தியமாயிற்று. காரணம் உடலுக்குள் இருக்கிறது. நன்னீரில் இரத்தத்தின் உப்பு வெளியே கசியும், தண்ணீர் உள்ளே புகும். வளர்ந்த இறாலின் செவுள் செல்கள் சோடியத்தை ஓயாமல் உள்ளே இழுத்து அதை ஈடுகட்டும். லார்வாவுக்குச் செவுள் இன்னும் உருவாகி முடியவில்லை. செவுள் மூடியின் உட்புறத் தோல்தான் அந்த வேலையை ஓரளவு செய்கிறது. பொரித்த புதிதில் சில நாள் நன்னீரைத் தாங்கும். ஆற்றோட்டத்தில் கழிமுகம் போய்ச் சேர அந்த அவகாசம் போதும். அதற்குமேல் தாங்காது.

சினை இறாலின் முட்டை ஆரஞ்சிலிருந்து சாம்பல் நிறமானால் இரண்டு மூன்று நாளில் பொரித்துவிடும். லார்வாத் தொட்டியில் உப்பு 12 பிபிடி (ஆயிரத்தில் 12 பங்கு), வெப்பம் 28 முதல் 31 டிகிரி. 12 பிபிடி அதன் இரத்தத்தின் உப்புக்குப் பக்கத்தில் இருப்பதால் உப்போடு போராடும் சக்தி மிச்சமாகி வளர்ச்சிக்குப் போகிறது. லார்வா பதினொரு நிலைகளைக் கடக்க வேண்டும். இந்தக் காலத்தில் ஆர்டிமியா என்னும் நுண்ணிய உப்புநீர் உயிரியைத் தீனியாகக் கொடுங்கள், உப்பில் கை வைக்காதீர்கள்.

இனி கண்ணுக்குத்தான் வேலை. லார்வா வயிறு மேலாக, வால் முன்னாக நீந்தும். உருமாறிய குஞ்சு முதுகு மேலாக, தலை முன்னாகப் போகும். தொட்டிச் சுவரைக் கால்களால் பற்றிக்கொண்டு நிற்கும். அப்போது செவுள் பொறுப்பேற்றுவிட்டது என்று அர்த்தம். ஆனால் ஒரே தொட்டியில் எல்லாம் ஒன்றாக மாறுவதில்லை. சுவரில் ஒட்டிய கூட்டத்தைப் பார்த்து அவசரப்பட்டால், நடுத்தண்ணீரில் இன்னும் தலைகீழாக மிதப்பவை சாகும். முந்தியவற்றுக்கு உவர்நீரில் காத்திருப்பதால் ஒரு கேடும் இல்லை. பிந்தியவைதான் உங்கள் கடிகாரம்.

தொட்டியில் ஏறக்குறைய எல்லாம் மாறியபின் மட்டத்தைப் பாதியாக இறக்கி, குளோரின் நீக்கிய, அதே வெப்பமுள்ள நன்னீரை மெல்ல விடுங்கள். அரை நாளாவது எடுத்துக்கொள்ளுங்கள். அளவுமானியில் உப்பு இறங்குவதையும் குஞ்சுகள் சுவரை விடாமல் பிடித்திருப்பதையும் சேர்த்துப் பாருங்கள். பிடி விட்டு அடியில் சாய்ந்தால் நீரை நிறுத்திவிட்டு, அவை தெளியும்வரை காத்திருங்கள்.

நன்னீர் நண்டிறாலுக்கு (கிரேஃபிஷ்) இந்தப் பாடு எதுவுமில்லை; அதன் குஞ்சு முட்டைக்குள்ளேயே வளர்ந்து, உப்பைக் காக்கும் திறனோடு நன்னீரில் வெளிவருகிறது.

மாற்றி முடித்த அன்றே குஞ்சுகளைப் பையில் அடைத்து அனுப்பாதீர்கள். ஒரு நாளாவது அதே தொட்டியில் விட்டுவைத்து, தீனி எடுக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.