மெழுகு போட்டும் கோடு கோடாகத் தெரிந்த கார்

கருப்புக் காருக்குக் கார்னௌபா மெழுகு (ஒரு வகைப் பனை இலையிலிருந்து எடுப்பது) போட்டேன். நிழலில் பளபளப்பு, வெயிலில் நிறுத்தினால் பானெட் முழுக்க வானவில் மாதிரி எண்ணெய்க் கோடுகள். மெழுகுதான் மட்டம் என்று செயற்கை சீலன்ட் (பெயின்ட்டைக் காக்கும் பூச்சு) வாங்கினேன், அதே கோடு. மெல்லிசாகப் பூசி, விரலால் இழுத்தால் சுத்தமாக வரும்வரை காயவிட்டு, கை வலிக்கத் தேய்த்தும் பார்த்தேன், கோடு இடம்தான் மாறியது. மூன்று நாள் போச்சு.

அப்புறம் தற்செயலாக, பூச்சைத் துடைக்கும் மைக்ரோஃபைபர் துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. துணி உறிஞ்சவே இல்லை, சொட்டு மணி மாதிரி உருண்டு நின்றது. துவைக்கும்போது துணியை மிருதுவாக்கும் ஃபேப்ரிக் கண்டிஷனர் ஊற்றியிருந்தேன். அது இழையில் படிந்து, துடைக்கத் துடைக்க பெயின்ட்டில் ஏறியிருக்கிறது! வெறும் லிக்விட் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீருமாக இரண்டு முறை துவைத்து, சொட்டு உள்ளே இறங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் துணியைக் காருக்குக் கொண்டுபோனேன். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து பழைய பூச்சைத் துடைத்தெடுத்து, சீலன்ட்டை ஒரே ஒரு தடவை பூசினேன். கோடு ஒன்றுகூட இல்லை, அப்பாடா.

கார்னௌபா சில வாரம்தான் நிற்கும், சீலன்ட் சில மாதம் தாங்கும், அதனால் இப்போதைக்கு சீலன்ட்தான். கார்னௌபா டப்பாவைத் தூக்கிப்போடவில்லை, பாவம், அதன் மேல் தப்பே இல்லை.